தவணை நாளும் சம்பள நாளும்: மலையகத் தோட்டங்களில் சிறுகடன் தீர்மானிக்கும் தொழில்

நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் சம்பளம் மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். பெரும்பாலும் பத்தாம் திகதியை ஒட்டி. அதே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசை வீட்டில், குழுக்கடன் எடுத்த பெண் கிழமைக்கு ஒரு முறை தவணை கட்டவேண்டும். மாதத்தில் ஒரு முறை வரும் காசும் நான்கு முறை போகும் காசும் ஒரே வீட்டில் சந்திக்கின்றன. சம்பளத்தோடு ஒட்டி வரும் தவணையை எப்படியோ கட்டிவிடலாம். மற்ற மூன்றுக்கும் காசு எங்கே தேடுவது? இந்தக் கேள்விக்கு ஒரு குடும்பம் காணும் விடைதான், அந்த வீட்டில் யார் கொழுந்து பறிப்பது, யார் மரக்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போவது, யார் கொழும்புக் கடையொன்றில் நிற்பது, யார் குவைத்துக்கு விமானம் ஏறுவது என்பதையெல்லாம் முடிவுசெய்கிறது.

சிறுகடன் பற்றிய விவாதம் வழமையாக இரண்டு பக்கங்களில் நடக்கிறது. கடன் ஏழைக்கு முதல் கொடுக்கிறது, முதல் சுயதொழிலைக் கொடுக்கிறது என்பது ஒரு பக்கம். கடன் ஏழையை உறிஞ்சுகிறது, வட்டி குடும்பத்தை அழிக்கிறது என்பது மறுபக்கம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே கடனின் தொகையையும் வட்டியையும் பார்க்கின்றனவே தவிர, அதன் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. தோட்டங்களைப் பொறுத்தவரை தொழில் தெரிவை மாற்றும் வலு கடன் திரும்பிப் போகும் நாளில்தான் அதிகம் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்துக் கடனின் வரலாற்றிலிருந்து தொடங்கவேண்டும்.

துண்டுச் சீட்டின் காலம்

மலையகத் தமிழரின் முன்னோர் இந்தத் தீவுக்கு வந்ததே கடனோடுதான். 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியபோதும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைத் தோட்டப் பயிராக்கி, இலைநோயில் அழிந்த கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தபோதும், ஆள் சேர்த்தவர் கங்காணி. தோட்டத்தை நடத்திய துரை கங்காணியிடம் முற்பணம் கொடுத்தார். கங்காணி அதை எடுத்துக்கொண்டு திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களுக்குப் போனார். ஊரில் இருந்த பழைய கடனை அடைப்பதற்கும், வழிச்செலவுக்கும், வந்து இறங்கியபின் அரிசிக்கும் கொடுத்த ஒவ்வொரு காசும் தொழிலாளியின் பெயரில் பற்றாக எழுதப்பட்டது. வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்கு நாள்தோறும் தலைக்காசு கிடைத்ததால், ஆள் தன்னைவிட்டு நகராமல் இருப்பதே அவருடைய வருமானம்.

நகர விரும்பியவருக்கு ஒரே வழி 'துண்டு'. இன்ன தொகை கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சிறு சீட்டு அது. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொண்டது. தொழிலாளியின் கடன் தீரவில்லை; கடன்காரர் மட்டும் மாறினார். ஆள் தட்டுப்பாடு இருந்த காலங்களில் தோட்டங்கள் போட்டி போட்டு முற்பணம் கொடுத்தன. அந்தத் தொகையும் உழைப்பவரின் கணக்கில்தான் ஏறியது. 1908இல் அறிக்கையிட்ட தொழில் ஆணைக்குழு இந்தக் கடன்சுமையை விரிவாக விசாரித்தது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அந்த ஆண்டுகளில் தோட்டங்களுக்குள் புகுந்து, தொழிலாளரின் உரிமையைத் தமிழில் எழுதியும் பேசியும் பரப்பிய கோ. நடேசய்யரின் உழைப்பு இந்த மாற்றங்களின் பின்னணியில் இருக்கிறது.

கடன் கொடுத்தவரும் வேலை கொடுத்தவரும் ஒரே பக்கத்தில் நின்றார்கள் என்பதே துண்டுக் காலத்தின் அடிப்படை. கடனின் நோக்கம் உழைப்பைத் தோட்டத்தில் கட்டிவைப்பது. இன்று வட்டிக்குக் கொடுக்கும் நிறுவனத்துக்குத் தோட்டத்தோடு எந்த உறவும் இல்லை. அந்தப் பெண் எந்த மலையில் கொழுந்து பறிக்கிறாள், பறிக்கிறாளா இல்லையா என்பது அதற்குப் பொருட்டில்லை. கிழமைத் தவணை வந்தால் போதும். அன்றைய கடன் தொழிலாளியைத் தோட்டத்தில் கட்டிப்போட்டது. இன்றைய கடன் அவரைத் தோட்டத்திலிருந்து கிளப்பிவிடுகிறது.

பேரும் அரைப்பேரும்

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பெயர் 'பேர்'. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, மலைக்குப் போய், குறித்த கிலோ கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் ஒரு பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். மாத முடிவில் செக்ரோல் எனும் வேலைப் பதிவேட்டில் எத்தனை பேர் இருக்கிறதோ அதுவே சம்பளம். நாட்சம்பளம் எவ்வளவு என்பது அரசியல் மேடைகளில் பேசப்படுகிறது. எத்தனை நாள் முழுப்பேர் கிடைத்தது என்பது வீட்டில்தான் பேசப்படுகிறது. வறண்ட மாதங்களில் கொழுந்து குறையும்போது பேரும் குறையும்.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணயச் சபையின் வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. அதன்பின் கம்பனிகள் தொழிற்சங்கங்களோடு சம்பளம் பேசும் கூட்டு ஒப்பந்த முறையிலிருந்து விலகின; பல தோட்டங்களில் ஒரு பேருக்கான கிலோ அளவு கூட்டப்பட்டதாகவும் வேலை நாட்கள் குறைக்கப்பட்டதாகவும் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம், அரசின் வருகை ஊக்கத்தொகையையும் சேர்த்து அதை 1,750 ரூபாவாக்க முன்மொழிந்தது.

சம்பளச் சீட்டில் கழிவுகளும் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், சங்கச் சந்தா, தேயிலைத்தூள், தீபாவளிக்கு வாங்கிய முற்பணத்தின் மாதப் பங்கு, தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தில் எடுத்த கடன் என்று வரிசை நீளும். தோட்டத்துக்குள் கிடைக்கும் இந்தக் கடன்கள் ஒரு விடயத்தில் நியாயமானவை: சம்பளம் வரும் நாளில், சம்பளத்திலேயே கழிகின்றன. தீபாவளி முற்பணத்துக்காக எந்தப் பெண்ணும் கிழமை நடுவில் பக்கத்து வீட்டில் கைநீட்டுவதில்லை. ஆனால் அவற்றின் அளவு சிறியது, செக்ரோலில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே உரியது. கூரைத் தகரம் மாற்ற, பிள்ளையை உயர்தரம் படிக்கவைக்க, பெரிய வைத்தியச் செலவைச் சமாளிக்க அது போதாது.

இந்த இடைவெளியை நிரப்ப முன்பே பல வழிகள் இருந்தன. கடையில் கொப்பிக் கணக்கு, நகை அடகு, தோட்டத்திலேயே வட்டிக்குக் கொடுப்பவர், பெண்கள் தங்களுக்குள் பிடிக்கும் சீட்டு. வங்கிக் கடன் மட்டும் எட்டவில்லை. ஹட்டன் நகரில் 1888இலேயே வங்கியொன்று தொடங்கப்பட்டது; இன்றைய ஹட்டன் நஷனல் வங்கியின் வேர் அது. தோட்டத்துக்கு முதல் கொடுக்க அந்த நகரில் வங்கி பிறந்தபோதும், தோட்டத்தில் உழைத்தவருக்கு வங்கியின் வாசல் தலைமுறைகளுக்குத் திறக்கவில்லை. காரணம் வெளிப்படையானது. ஈடு வைக்க அவரிடம் நிலம் இல்லை. லயமும் அதைச் சுற்றிய மண்ணும் தோட்டத்துக்குரியவை. அந்தத் தோட்டக் காணிகள் அரசிடமிருந்து பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு 2045 வரை குத்தகைக்குப் போயிருக்கின்றன. 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியதால், பல பத்தாண்டுகள் அரசின் காணித் திட்டங்களிலும் இவர்களுக்கு இடமிருக்கவில்லை. நிரந்தர மாதச் சம்பளம் பெறுபவர் என்று கருதப்பட்டு, 1995இல் தொடங்கிய சமுர்த்தி வறுமை நிவாரணத் திட்டத்திலும் தோட்ட மக்கள் நீண்டகாலம் பெருமளவில் விடுபட்டார்கள். 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை வீதம் 14.3 ஆக இருந்தபோது தோட்டத்துறையில் அது 33.8.

கிழமைக் கடனின் கணக்கு

ஈடு கேட்காத கடன் இந்த நிலத்தில் வேரூன்றியது இயல்பே. பங்களாதேசில் முகம்மது யூனுஸ் 1983இல் நிறுவிய கிராமீன் வங்கியின் முறைதான் அதற்கு மாதிரி: சில பெண்கள் சேர்ந்த குழு, ஒருவருக்கொருவர் பிணை, கிழமைக்கொரு கூட்டம், கூட்டத்திலேயே தவணை. பதிவு பெற்ற நிதிக் கம்பனிகளும் பெயர் தெரியாத சிறு நிறுவனங்களும் இந்த முறையை எடுத்துக்கொண்டு, வடக்கு கிழக்கிலும் உலர்வலயத்திலும் போலவே மலையகத்திலும் பரவின. ஒரு கிழமையில் பல நிறுவனங்களின் ஆட்கள் ஒரே லயத்துக்கு வருவது வழக்கமாயிற்று.

லயத்தில் குழுப்பிணைக்குத் தனிப் பொருள் உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகள் ஒரே கூரையின் கீழ், ஒரே சுவரைப் பகிர்ந்து நிற்கின்றன. பிணை நிற்பவர் அடுத்த சுவருக்கு அப்பால் இருப்பவர், பெரும்பாலும் உறவினர். ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் அதைக் கட்டவேண்டும். கிராமத்தில் இரண்டு காணிகளுக்கு அப்பால் உள்ள வீட்டோடு வரும் மனக்கசப்பு வேறு. ஒரே பீலியில் தண்ணீர் பிடிப்பவர்களுக்கிடையே வருவது வேறு. ஆகவே தவணை தவறாமல் இருக்கத் தோட்டத்துப் பெண் எதையும் செய்யத் தயாராகிறாள். நிறுவனங்களின் ஏடுகளில் மீள்செலுத்தல் வீதம் உயரமாகத் தெரிவதற்குப் பின்னால் இந்த அச்சமும் இருக்கிறது.

கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். 50,000 ரூபா கடன், ஓராண்டு, 52 கிழமை, 'வருடத்துக்கு 24 வீதம்' வட்டி. தொடக்கத் தொகை முழுவதற்கும் வட்டி போட்டால் 12,000. மொத்தம் 62,000, கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. ஆனால் முதற் கிழமையிலிருந்தே கடன் கரையத் தொடங்குகிறது. கையில் இல்லாத காசுக்கும் வட்டி கட்டப்படுகிறது. குறைந்துசெல்லும் மீதியின் மேல் கணக்கிட்டால் இந்த 24 வீதம் உண்மையில் ஏறத்தாழ 44 வீதம். ஆவணச் செலவு, காப்புறுதி என்று முதலிலேயே கழித்துக்கொண்டால் இன்னும் கூடும்.

இனி 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை எடுப்போம். சேமலாப நிதிக்கு 108 ரூபா போக 1,242 மிஞ்சும். அதாவது ஒரு கடனுக்குக் கிழமைக்கு ஏறத்தாழ ஒரு முழுப்பேர். இரண்டு கடன் இருந்தால் இரண்டு பேர். கிழமைக்கு நான்கு பேர் மட்டுமே கிடைக்கும் காலத்தில் பாதி உழைப்பு போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தப் பேர் காசாக மாறுவது அடுத்த மாதம் பத்தாம் திகதிதான் என்பது. உழைப்பு இருக்கிறது, காசு இல்லை. தவணையோ நாளைக் காலை.

தவணை காட்டும் வழிகள்

இந்த இடத்தில்தான் தொழில் தெரிவு நிகழ்கிறது. அன்றன்றே காசு தரும் வேலை எதுவோ, அது மற்ற எல்லா வேலையையும்விடப் பெறுமதியாகத் தோன்றுகிறது.

முதல் வழி தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கொழுந்து மிகுந்த நாட்களிலும் கிலோவுக்கு இவ்வளவு என்று பறிக்கும் வேலையைத் தோட்டத்தில் 'கைக்காசு' என்பார்கள். ஓய்வு நாளும் வேலை நாளாவதற்குத் தவணை ஒரு காரணம்.

இரண்டாவது வழி தோட்டத்தின் எல்லையைத் தாண்டுகிறது. நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பகுதிகளில் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு விளையும் மரக்கறித் தோட்டங்களுக்கு நாட்கூலிக்கு ஆள் தேவை. அங்கே மாலையில் காசு கையில் வரும். பதிவான தொழிலாளி பிரட்டுக்குப் போகாமல் அங்கே போகும்போது, அந்த நாளுக்கு எதை இழக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. 1,350 ரூபா சம்பளத்தில் அவருடைய 8 வீதம், வேலை கொடுப்பவரின் சேமலாப நிதிப் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம் என்று நாளொன்றுக்கு 310 ரூபா அவருடைய பெயரில் சேர்கிறது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து ஆண்டு முடித்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 14 நாட் சம்பளமும் உண்டு. பேறுகாலச் சம்பளமும் பதிவைப் பொறுத்தே. வெளியில் 1,500 ரூபா கிடைத்தால் இன்று கையில் 258 ரூபா கூடுதல். நாளைக்கான கணக்கில் 310 ரூபாவும் அதற்கு மேலும் குறைவு. தவணை நாள் நெருங்கும்போது இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்க எந்தத் தாய்க்கும் வழியில்லை.

மூன்றாவது வழி கொழும்பு. படிப்பை இடையில் விட்ட பையன் புடவைக்கடைக்கோ சாப்பாட்டுக்கடைக்கோ போகிறான். பெண் பிள்ளை ஆடைத் தொழிற்சாலைக்கோ வீட்டு வேலைக்கோ போகிறாள். இளைஞர் தோட்டத்தை விட்டுப் போவதற்குக் கடன் மட்டுமே காரணமன்று. கொழுந்துக்கூடையை மறுப்பதில் தன்மானமும் இருக்கிறது, அதை மதிக்கவேண்டும். ஆனால் எந்த வயதில், எந்த வேலைக்கு, எவ்வளவு அவசரமாகப் போகிறார்கள் என்பதில் கடனுக்குப் பங்குண்டு. தொழிற்பயிற்சியை முடித்துப் போவதற்கும், தவணை கட்ட இந்த மாதமே போவதற்கும் இடையில் ஒரு வாழ்நாள் வருமானத்தின் வேறுபாடு இருக்கிறது.

நான்காவது வழி வளைகுடா. வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக இணங்கும் பெண்ணின் குடும்பத்துக்கு முகவர் முன்கூட்டியே பெருந்தொகையொன்று கொடுப்பது இலங்கையில் பரவலான வழக்கம். சிதறிக்கிடக்கும் கிழமைக் கடன்களை ஒரே நாளில் அடைக்க அந்தத் தொகை உதவுகிறது. பிறகு அந்தப் பெண் எவ்வளவு கொடுமை நேர்ந்தாலும் ஒப்பந்தக் காலம் முடியாமல் திரும்பமுடியாது. திரும்பினால் முகவரின் காசைக் கட்டவேண்டும். நூறு ஆண்டுக்கு முன் கங்காணி கொடுத்த முற்பணத்தின் இலக்கணம் இங்கே அப்படியே திரும்பிவந்திருக்கிறது. கிழமைக் கடன் தோட்டத்திலிருந்து ஒருத்தியைக் கிளப்புகிறது, முற்பணம் அவளை வேறு நாட்டில் கட்டிவைக்கிறது.

ஐந்தாவது வழியாகச் சுயதொழில் சொல்லப்படுகிறது. கறவை மாடு, லயத்தோரத்து மரக்கறிப் பாத்தி, தையல் மெஷின், சிறுகடை, குத்தகை முறையில் எடுக்கும் முச்சக்கரவண்டி. இவற்றில் நன்றாக வந்தவர்கள் உண்டு, குறிப்பாக மாடு வளர்ப்பில். ஆனால் கன்று வளர்ந்து ஈன்று பால் தரக் காலம் எடுக்கும். கரட் பாத்தி காசாக ஏறத்தாழ மூன்று மாதம் வேண்டும். கிழமைத் தவணையோ கடன் வாங்கிய அடுத்த கிழமையே தொடங்கிவிடும். ஆகவே முதல் தவணைகள் கடன் தொகையிலிருந்தே கட்டப்படுகின்றன. மாட்டுக்கு என்று வாங்கிய கடன் மாட்டை எட்டுவதற்கு முன் கரைகிறது. ஒரே லயத்தில் மூன்று பேர் சிறுகடை போட்டால், அதே சம்பளக் காசுக்கு மூவரும் காத்திருக்கவேண்டியிருக்கிறது. பாத்தி போட்ட மண்ணும் தமதில்லை.

இவற்றோடு புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. கம்பனிகள் தேயிலை மலையைத் துண்டுதுண்டாகக் குடும்பங்களிடம் பராமரிக்கக் கொடுத்து, பறிக்கும் கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்கும் வெளியார் உற்பத்தி முறையை விரிவாக்கி வருகின்றன. உரமும் மருந்தும் கடனாகக் கொடுக்கப்பட்டுக் கொழுந்துக் காசில் கழிக்கப்படுகின்றன. காசு கையில் சேரும் வாய்ப்பு இதில் சிலருக்குக் கூடலாம். ஆனால் தொழிலாளி என்ற சட்டநிலையும் அதோடு வரும் சேமலாப நிதியும் பணிக்கொடையும் கேள்விக்குள்ளாகின்றன. வேலை கொடுப்பவரே மீண்டும் கடன் கொடுப்பவராகும் பாதையும் இதில் திறக்கிறது.

மற்ற நாடுகள் கற்றது

சிறுகடன் தொழிலை எப்படி மாற்றுகிறது என்பதைக் கடந்த இருபது ஆண்டுகளில் பல நாடுகளில் பொருளியலாளர் கவனமாக அளந்திருக்கிறார்கள். கடன் கிடைப்பவர்களையும் கிடைக்காதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆறு ஆய்வுகள் 2015இல் ஒன்றாக வெளிவந்தன: பொஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொரோக்கோ. பொதுவான முடிவு நிதானமானது. சிறுகடன் வாழ்க்கையைத் தலைகீழாக மாற்றவில்லை. சராசரி வருமானம் தெளிவாக உயரவுமில்லை. ஆனால் எந்த வேலையை எவ்வளவு செய்வது என்பதை அது மாற்றியது.

நமக்கு மிக நெருக்கமானது மொரோக்கோ. அங்கே 162 கிராமங்களில் நடந்த ஆய்வில், கடன் பெற்ற குடும்பங்கள் கால்நடையிலும் வேளாண்மையிலும் கூடுதலாக முதலிட்டன. சொந்தத் தொழில் வருமானம் கூடியது. அதே அளவுக்குக் கூலிவேலை வருமானம் குறைந்தது. கூட்டிக் கழித்தால் குடும்பச் செலவில் மாற்றமில்லை. கடன் அவர்களை ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தியது. அங்கே ஆடும் மாடும் மேயச் சொந்த நிலம் இருந்தது, ஆகவே கூலியிலிருந்து சொந்தத் தொழிலுக்கு நகர்ந்தார்கள். நிலமற்ற தோட்டத்தில் அதே விசை நிரந்தரப் பதிவு வேலையிலிருந்து அன்றாடக் கூலிக்குத் தள்ளுகிறது. கடன் நகர்த்தும், எந்தத் திசையில் என்பதை நிலமும் சந்தையும் முடிவுசெய்யும்.

இலங்கையிலேயே நடந்த ஆய்வொன்றும் கவனத்துக்குரியது. சுரேஷ் டி மெல், டேவிட் மக்கென்சி, கிறிஸ்தோபர் வூட்ரஃப் ஆகியோர் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறுதொழில் செய்தவர்களுக்கு 10,000 அல்லது 20,000 ரூபா பெறுமதியான கொடையை, திருப்பிக் கட்டும் கடமையில்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்கள் நடத்திய தொழில்களில் லாபம் நன்றாக உயர்ந்தது. பெண்கள் நடத்தியவற்றில் சராசரி விளைவு ஏறத்தாழ இல்லை. பெண்கள் செய்யக்கூடியதாக விடப்பட்ட தொழில்கள் சந்தை குறுகியவை என்பதும், வீட்டுத் தேவை முதலை எடுத்துக்கொள்கிறது என்பதும் இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் முக்கியமானவை. கடனைப் பெண்களுக்கு மட்டுமே கொடுத்து, தொழிலில் லாபம் வருமென்று எதிர்பார்ப்பது எவ்வளவு பலவீனமான எதிர்பார்ப்பு என்பதை இந்த முடிவு காட்டுகிறது.

நாட்காட்டி பற்றிய மிகத் தெளிவான சான்று கொல்கத்தாவிலிருந்து வருகிறது. எரிக்கா ஃபீல்ட், ரோஹிணி பாண்டே முதலியோரின் ஆய்வில், கடன் வாங்கியோரில் ஒரு பகுதியினருக்கு முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளிவைத்தார்கள். அவர்கள் தொழிலில் கூடுதலாக முதலிட்டார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டு கழித்தும் அவர்களின் லாபம் மற்றவர்களைவிட உயர்ந்திருந்தது. கடன் தவறியோரும் அவர்களில் சற்று அதிகம் என்பதையும் மறைக்கக்கூடாது. அதே ஆய்வாளர்கள் கிழமைத் தவணையையும் மாதத் தவணையையும் ஒப்பிட்டபோது, மாதம் கட்டியவர்கள் அதிகமாகத் தவறவில்லை. தவணை பற்றிய மனப்பதற்றம் அவர்களிடம் ஏறத்தாழ பாதியாக இருந்தது.

கடனை அடியோடு நிறுத்துவதும் தீர்வன்று. 2010இல் சிறுகடனைக் கட்டுப்படுத்திய ஆந்திர அரசின் அவசரச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவின் பல மாவட்டங்களில் சிறுகடன் திடீரென்று வற்றியது. எமிலி பிரேஸா, சிந்தியா கின்னன் ஆகியோரின் ஆய்வு, அப்படி வற்றிய இடங்களில் கிராமத்து நாட்கூலியே குறைந்ததாகக் காட்டியது. சிறுதொழில் செய்தவர் ஆள் வைப்பதை விட்டார்; அவரே கூலிக்கு இறங்கினார்; கடனே வாங்காத கூலித் தொழிலாளியும் அதன் பாதிப்பைச் சுமந்தார்.

சட்டம் நின்ற இடம்

இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் உரிமம் பெறும் நிறுவனங்களை மத்திய வங்கியின் கண்காணிப்பில் கொண்டுவந்தது. உரிமம் பெற்றவை மிகச் சில. 2018 செப்டெம்பரில் வந்த ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில கடன்களின் வட்டி ஆண்டுக்கு 220 வீதம் வரை போவதையும், தவணை வசூலிப்போர் சிலர் பெண்களிடம் பாலியல் சலுகை கோருவதையும் பகிரங்கமாகக் கூறினார். அந்த ஆண்டின் இறுதியில் மத்திய வங்கி தன் கண்காணிப்பிலுள்ள நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்ற உச்சவரம்பை விதித்தது. 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் கடனில் சிக்கிய பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

இவற்றுக்கிடையே 2018இல் அரசாங்கம் ஒரு நிவாரணம் அறிவித்தது. ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன் எடுத்துத் தவறிய பெண்களின் கடனை இரத்துசெய்யும் திட்டம் அது. வறட்சி பாதித்த 12 மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பட்டியலில் இல்லை. வறட்சியால் பயிர் அழிந்த விவசாயிக்குக் கடன் சுமை என்பது அரசின் கண்ணுக்குத் தெரிந்தது. மாதச் சம்பளம் வாங்கும் தோட்டப் பெண்ணுக்கு, அந்தச் சம்பளம் மாதச் சம்பளமாக இருப்பதாலேயே, கடன் சுமையாகிறது என்பது தெரியவில்லை. சமுர்த்தியில் விடுபட்டதற்குச் சொல்லப்பட்ட காரணத்தின் தொடர்ச்சி இது. சம்பளம் உண்டு என்ற ஒரு சொல்லால் தோட்டம் மீண்டும் மீண்டும் கணக்கிலிருந்து நழுவுகிறது.

மாற்றவேண்டியது

முதலாவது, தவணை சம்பள நாளோடு சேரவேண்டும். தோட்டத் தொழிலாளருக்குக் கொடுக்கும் எந்தக் கடனுக்கும் மாதத் தவணை, அதுவும் சம்பளம் கிடைத்த கிழமைக்குள், என்பதை மத்திய வங்கி ஒரு பணிப்புரையால் கட்டாயமாக்கலாம். மாதத் தவணையால் கடன் தவறுவது கூடவில்லை என்பது கொல்கத்தாவில் காணப்பட்டிருக்கிறது. மாட்டுக்கும் பயிருக்கும் கொடுக்கும் கடனில், வருமானம் வரத் தொடங்கும் காலம்வரை முதல் தவணை தள்ளிப்போகவேண்டும். வட்டியை, குறைந்துசெல்லும் மீதியின் மேல் கணக்கிட்ட வீதத்திலேயே, தமிழில், கையொப்பத்துக்கு முன் சொல்லவேண்டும்.

இரண்டாவது, தோட்டத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்களை உழைப்பவரின் கடன் சங்கங்களாக வலுப்படுத்தவேண்டும். சம்பளத்தில் கழியும் கடனின் ஒழுங்கு அவற்றிடம் இருக்கிறது. இல்லாதவை பெரிய முதல், நிர்வாகத்தில் பெண்களின் இடம், செக்ரோலை விட்டு விலகிய இளைஞரையும் நாட்கூலிக்காரரையும் சேர்க்கும் விதி. சீட்டுப் பிடித்து ஒரு சதமும் பிசகாமல் கணக்கு வைக்கும் பெண்களுக்கு ஒரு சங்கத்தை நடத்தத் தெரியாது என்று எவரும் சொல்லமுடியாது.

மூன்றாவது, நிலம். சில ஆண்டுகளாகத் தனிவீட்டுத் திட்டங்களில் காணியும் உறுதியும் கொடுக்கப்பட்டு வருகின்றன, வேகம் போதாது. உறுதி கையில் இருந்தால் வங்கி வட்டிக்குக் கடன் கேட்கலாம், மாட்டுக்கொட்டில் போடலாம், மொரோக்கோவில் நடந்தது போல, கடன் அவர்களைச் சொந்தத் தொழிலின் பக்கம் நகர்த்தவும் கூடும். 2045இல் குத்தகைகள் முடியும்போது இந்த மண் யாருக்கு என்ற கேள்வியை இப்போதே பேசத் தொடங்கவேண்டும்.

நான்காவது, நாட்கூலிக்கும் வெளியார் உற்பத்தி முறைக்கும் நகர்ந்தவர்களின் முதுமைக்குக் காப்பு வேண்டும். வேலை மாறியதும் சேமலாப நிதி நின்றுபோகும் ஏற்பாடு, தவணைக்காக அவசரப்பட்டு எடுத்த ஒரு முடிவுக்கு வாழ்நாள் முழுவதும் தண்டம் கட்டவைக்கிறது. கொழுந்தின் கிலோ விலையில் ஒரு பங்கைக் கம்பனி அந்தக் குடும்பத்தின் நிதிக்குச் செலுத்தும்படி சட்டம் செய்வது கடினமான காரியமல்ல.

தோட்ட மக்கள் உழைப்புக்கு அஞ்சியவர்களல்லர். இரு நூற்றாண்டாக மலையைப் பச்சையாக வைத்திருக்கும் அவர்களுக்கு, எந்த வேலையைத் தெரிவுசெய்வது என்ற உரிமை இன்னும் முழுமையாகக் கைக்கு வரவில்லை. முதலில் கங்காணியின் பற்றேடும் இப்போது கிழமைத் தவணையும் அந்தத் தெரிவை அவர்களுக்காகச் செய்துவந்திருக்கின்றன. சம்பளத்தைக் கூட்டும் போராட்டம் தொடரவேண்டும். ஆனால் கூட்டிய சம்பளம் மாதத்துக்கு ஒரு முறையும் கடன் கிழமைக்கு ஒரு முறையுமாக இருக்கும் வரை, அந்தக் கூடுதல் ரூபாவும் இடைவெளியில்தான் கரையும். துண்டை ஒழிக்க 1921இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. தவணை நாளைச் சம்பள நாளுக்கு நகர்த்த அந்த அளவு கூட வேண்டாம். ஒரு பணிப்புரை போதும். தொழிற்சங்கங்கள் சம்பள நிர்ணயச் சபையில் அடுத்த முறை உட்காரும்போது, நாட்சம்பளத்துக்குப் பக்கத்தில் இந்தக் கோரிக்கையையும் வைக்கவேண்டும்.